ஆயா புளி போட்டு விளக்கிய இருபது காசு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் நம் வகுப்புக்கு வந்தபோது எல்லோரும் ‘கவிதை, கவிதை’ என்று கை தூக்கினார்கள். எனக்குக் கவிதை வராது. நிலவையும் தாயையும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் ஒரு செப்புக் காசைப் பற்றி எழுதுகிறேன். அதை எடுத்துக்கொடுத்த மெஷினைப் பற்றியும், அதனால் என் அப்பா முப்பது வருஷம் கழித்துச் சொன்ன ஒரு விஷயத்தைப் பற்றியும்!

மூன்றாம் ஆண்டு மினி புராஜெக்டுக்கு நானும் என் பெஞ்சு நண்பனும் எடுத்தது ‘மெட்டல் டிடெக்டர்’. ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்து 640 ரூபாய்க்குச் சாமான் வாங்கினோம். ஒரு பிளைவுட் வட்டம், அதைச் சுற்றி எனாமல் பூசிய செப்புக் கம்பி, பிடிக்க ஒரு பி.வி.சி. பைப், ஒன்பது வோல்ட் பாட்டரி, பழைய இயர்போன். பார்ப்பதற்கு ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்கும். சிரிக்காதீர்கள், வேலை செய்தது.

எப்படி வேலை செய்கிறது? மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். உள்ளே இரண்டு ஆஸிலேட்டர்கள். ஒன்று அசையாமல் நொடிக்கு 1,00,000 தடவை அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பைப்பின் கீழே இருக்கும் கம்பிச்சுருளோடு சேர்ந்தது. அது 1,00,400 தடவை அதிர்கிறது. இந்த இரண்டையும் மனிதக் காது கேட்காது. ஆனால் இரண்டையும் கலந்தால் வித்தியாசம் மட்டும், அதாவது 400, ‘ஊ...’ என்று இயர்போனில் கேட்கும். வீணை வாசிக்கிறவர்கள் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திக்கு நடுவே ஒரு துடிப்பு கேட்குமே, அதே சங்கதிதான்.

இப்போது சுருளுக்குக் கீழே ஒரு செப்புக் காசு வருகிறது. சுருளின் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் காசின் உடம்புக்குள் சின்னச் சின்ன வட்டமாக மின்சாரம் ஓடும். சுழல் மின்னோட்டம் என்று இரண்டாம் ஆண்டில் படித்தோமே, மோட்டார், டிரான்ஸ்ஃபார்மரில் நமக்கு நஷ்டம் உண்டாக்குகிறது என்று திட்டினோமே, அதேதான்! அந்த மின்னோட்டம் எதிர்ப்பக்கம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். சுருளின் இண்டக்டன்ஸ் கொஞ்சம் குறையும். ஃப்ரீக்வென்சி கொஞ்சம் ஏறும். 400 என்பது 450 ஆனாலே போதும், காது கண்டுபிடித்துவிடும். இரும்பென்றால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும், ஏனென்றால் இரும்பு காந்தக் கோடுகளை இழுத்து இண்டக்டன்ஸைக் கூட்டுகிறது. ஆக, சத்தம் ஏறினால் செம்பு, பித்தளை, ஈயம், இறங்கினால் ஆணி.

இந்த யோசனை ரொம்பப் பழையது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட, டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே மாதிரி ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். குண்டு கிடைக்கவில்லை. மெத்தையில் இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் குழப்பிவிட்டன என்று சொல்கிறார்கள். நாங்கள் முதல்நாள் எங்கள் வீட்டு இரும்புக் கட்டிலின் மேல் வைத்துச் சோதித்தோம். மெஷின் அலறிய அலறலில் ஆயா எழுந்து வெளியே போய்விட்டது. பெல்லின் கஷ்டம் எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

கடற்கரையில் சோதிக்கலாம் என்று காசிமேட்டுப் பக்கம் போனோம். கிடைத்ததை மறைக்காமல் சொல்கிறேன்: சோடா மூடி எண்ணிலடங்காது, வலையில் கோக்கும் ஈயக் குண்டுகள், துருப்பிடித்த தூண்டில் முள், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதம், மாசி மகத்துக்கு யாரோ கடலில் போட்ட ஒரு ரூபாய்கள். கறுப்பு மணல் திட்டு வந்தால் மெஷின் சும்மாவே கத்தும், இரும்பு கலந்த மணல் அது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் ஈர மணலிலும் அதே தொல்லை. மார்க்கெட்டில் விற்கிற நல்ல மெஷின்களில் இதற்கெல்லாம் வழி இருக்கிறது. துடிப்புத் துடிப்பாக மின்சாரம் விட்டு, நிறுத்திய பிறகு எதிரொலியைக் கேட்கிற வகை கடற்கரைக்கு ஏற்றது. எங்கள் ஒட்டடைக் குச்சிக்கு அந்த யோகம் இல்லை.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, ராயபுரம் பக்கம் பாறாங்கற்களுக்கு நடுவே ஒரு மணல் பள்ளம். சத்தம் சுத்தமாக ஏறியது. முக்கால் அடி தோண்டியதும் பச்சையாக ஒரு வட்டத் தகடு. இப்போதைய பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது.

அந்த இடத்தில் ஏன் கிடைத்தது என்பதை சிவில் நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். சென்னைக்கு அந்தக் காலத்தில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகு என்று ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகில் சாமானையும் ஆட்களையும் அலை தாண்டிக் கொண்டுவருவார்கள். படகு கவிழ்வது சகஜம். 1870-களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். நம் கரையோரம் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை; கடல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையைத் தின்ன ஆரம்பித்தது. அவர்களுக்குக் கடற்கரை, நமக்குப் பாறாங்கல்! அலை பழைய தரையை அறுக்கும்போது அதற்குள் கிடந்ததும் சில சமயம் வெளியே வருகிறது. என் காசும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

காசைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுக் காலேஜுக்கு வந்துவிட்டேன். அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் விளக்கு விளக்குகிற நாள். நான் திரும்பியபோது குத்துவிளக்கு, சொம்பு, தட்டு எல்லாவற்றோடும் என் காசும் வெயிலில் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. ஆயா அதையும் புளி, சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டது!

“இன்னா ஆயா இப்டி பண்ணிட்ட?”

“பின்ன, பாசி புடிச்சிக் கெடந்துச்சி. எம்மாம் அழகா ஆய்ட்ச்சி பாரு.”

அந்தப் பச்சை பாசி இல்லை நண்பர்களே. செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து பல வருஷமாகப் போட்டுக்கொண்ட தோல். அடியில் இருக்கும் எழுத்தைக் காப்பாற்றுவதே அதுதான். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும், அதோடு எழுத்தின் விளிம்பையும் கொஞ்சம் தின்றுவிடும். பழைய காசு வாங்குகிறவர்கள் புளி போட்ட காசை ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவார்களாம். ஆகவே உங்களில் யாருக்காவது கிடைத்தால் நல்ல தண்ணீரில் நனைத்து மண்ணைப் போக்குங்கள், உலர்த்துங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆயாவிடமிருந்து தள்ளி வையுங்கள்.

ஆனாலும் ஆயா புண்ணியத்தில் காசை உடனே படிக்க முடிந்தது. ஒரு பக்கம் இரண்டு சிங்கம் தாங்கிய கேடயம், கீழே 1808. மறுபக்கம் பாரசீக எழுத்து, அடியில் ரோமன் எழுத்தில் 20 காசு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்துக்கு ஓடினேன், பிறகு நூலகத்துக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சோஹோ நாணயச்சாலையில் அடித்தது. நீராவி இயந்திரத்தை வைத்துக் காசு அடித்த இடம் அது, மெக்கானிக்கல் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

அரிய காசு, லட்ச ரூபாய் என்று என் நண்பன் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டான். இல்லை! இதே காசுகளை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே குட்வின் மணல் திட்டில் மூழ்கிப்போனது. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அள்ளினார்கள். உலகம் பூராவும் இன்றைக்குச் சில நூறு, ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம்மூருக்கு வரவேண்டிய காசு அங்கே கடலடியில் புது மெருகோடு இருந்தது. தப்பித்து வந்து சேர்ந்து, எத்தனையோ கை மாறித் தேய்ந்த காசு ராயபுரத்தில் புளி வாங்கியது.

இதையெல்லாம் ராத்திரி சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கன்டெய்னர் யார்டில் வேலை. அதிகம் பேசமாட்டார். காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நானும் ஒரு தபா கண்டெடுத்தேன்டா. இது மாரி வட்டமா இல்ல, சதுரமா” என்றார்.

எங்கள் பூர்வீகம் திருக்கோவிலூர்ப் பக்கம், தென்பெண்ணை ஆற்றோரம். அப்பாவுக்குப் பதினாறு வயது இருக்கும். ஒருத்தர் மல்லாட்டைக் கொல்லையில் வரப்பு வெட்டும்போது மண்வெட்டியில் ‘ணங்’ என்றதாம். ஏழு சின்னச் சதுரத் துண்டு. பச்சை. ஒன்றைத் துடைத்துப் பார்த்தால் குதிரை மாதிரி ஒரு உருவம். கொல்லைக்காரரிடம் சொன்னால் பிடுங்கிக்கொள்வார், திருடினாய் என்றும் சொல்வார். போலீசிடம் சொன்னால் உள்ளே போடுவார்கள். எனவே ஓட்டைப் பித்தளைக் குண்டானோடு சேர்த்துப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். கிடைத்த காசில் கூட்டாளியும் அவரும் புரோட்டா சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் கதை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் இரண்டு நாள் முன்னாடிதான் நூலகத்தில் மலையமான் காசுகளின் படத்தைப் பார்த்திருந்தேன். சங்ககாலத்தில் திருக்கோவலூரை ஆண்ட மலையமான்கள் வெளியிட்ட செப்புக் காசுகள். சதுரம். ஒரு பக்கம் குதிரை. கிடைக்கும் இடம், தென்பெண்ணை ஆற்றுப்படுகை. நம் தமிழ்ப் பாடத்தில் கடையெழு வள்ளல்களில் ஒருவராக வருகிற காரி இந்த மலையமான் வம்சம்தான். அப்பா புரோட்டாவுக்குக் கொடுத்தது அதுதானா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. உருக்கியாகிவிட்டது.

சின்னச் செப்புத் துண்டில் என்ன பெரிசா இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: சங்க அரசர்களைப் பாட்டில்தான் கேள்விப்பட்டிருந்தோம். ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியன் காசை 1980-களில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்டார். மலையமான் காசுகளைப் பற்றித் தனி நூல் எழுதியவரும் அவர்தான். கரூரில் அமராவதி ஆற்று மணலில் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்று சேரர் காசுகள் கிடைத்தன; ரோமாபுரிக் காசுகளும் கிடைத்தன. புதுக்கோட்டைச் சீமையில் 1898-ல் ஒரு பானையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ராஜாவின் முகத்தில் உளியால் ஒரு வெட்டு! இனிமேல் நாணயமாகச் செல்லக்கூடாது என்று செய்ததாக ஆராய்ச்சியாளர்கள் எண்ணுகிறார்கள். பானையோடு, ஒரே இடத்தில், சேர்ந்து கிடைத்ததால்தான் இந்தக் கேள்வியே பிறந்தது. கலைந்து நாலு கடைக்குப் போயிருந்தால் வெட்டுப்பட்ட காசு என்று தள்ளியிருப்பார்கள். இடம்தான் காசின் பாதி விலை என்பது எனக்குப் புரிந்தது இங்கேதான். அந்த 501-ல் பெரும்பகுதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, அது வேறு வருத்தம்.

ஆற்று மணலைச் சலித்த, வரப்பு வெட்டிய ஆட்களின் பெயர் நான் புரட்டிய புத்தகம் எதிலும் இல்லை. இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 1992 நவம்பரில் ஹாக்ஸன் என்ற கிராமத்தில் ஒரு விவசாயி தன் நிலத்தில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ் மெட்டல் டிடெக்டரோடு சுத்தியலைத் தேடிப் போனார். கிடைத்தது ரோமானியப் புதையல். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சியாளர்கள் வந்து மண்ணை அடுக்கடுக்காக எடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள். நகைகள், கரண்டிகள் வேறு. சன்மானம் பதினேழரை லட்சம் பவுண்டு. அந்தச் சுத்தியலும் கிடைத்தது, அதையும் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்! சுத்தியலுக்குக் கிடைத்த மரியாதை எங்கப்பா மண்வெட்டிக்கு இல்லை.

நம் ஊரில் சட்டம் இல்லையா? இருக்கிறது. வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், சுமாராக என்ன மதிப்பு, எங்கே, எந்தத் தேதி. பொருளைப் பக்கத்து அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது தருவதாக ஜாமீன் கொடுக்க வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருகிறவர்களுக்கு நாலு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மிகாமல் தவணை கொடுப்பார். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண் தோண்டியபோது 505 தங்கக் காசு, 1.716 கிலோ, ஒரு பாத்திரத்தில் கிடைத்ததே, அதுவும் கருவூலத்துக்குத்தான் போனது.

சொல்லாமல் மறைத்தால் பங்கு போய்விடும்; ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது அபராதம், அல்லது இரண்டும். அப்பா பயந்தது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் சொன்னவருக்குத் தண்டனை இல்லை, மறைத்தவருக்குத்தான்! இன்னொரு பிரிவு இருக்கிறது. புதைத்தவன் யாரென்று தெரியாத பழைய பொருளாக இருந்து, நிலத்துக்காரரும் உரிமை கேட்டு, இருவருக்குள்ளும் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நம்பவில்லை. மறுபடி படிக்கச் சொன்னார்.

“முக்கா பங்கு கூலிக்காரனுக்கா? கொல்லைக்காரருக்குக் காலா?”

“ஆமாம்பா.”

“எப்போ போட்ட சட்டம்?”

“ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தெட்டு.”

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க ஊர்ல ஒருத்தன் கூட சொல்லலியேடா” என்றார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கலெக்டர் விரும்பினால் பொருளை அரசுக்கே எடுத்துக்கொள்ளலாம். அப்போது கொடுக்கச் சொல்லியிருப்பது உலோகத்தின் விலையும், அதில் ஐந்தில் ஒரு பங்கும். தங்கத்துக்கு அது சரி. ஏழு சதுரச் செப்புத் துண்டுக்கு என்ன வரும்? ஒரு டீ கூட வராது. இங்கிலாந்தில் சந்தை மதிப்பு கணக்குப் போடுகிறார்கள். இங்கேயும் அப்படி வந்தால்தான் பாத்திரக் கடைக்குப் போகிறது கலெக்டர் ஆபீஸுக்கு வரும் என்பது என் அபிப்பிராயம். 1878-ன் பத்து ரூபாய் வரம்பையும் கொஞ்சம் பார்க்கலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஒட்டடைக் குச்சியைத் தூக்கிக்கொண்டு கோயில் மதிலோரமும் கோட்டை மேட்டிலும் கிளம்பிவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டினால் குற்றம். நூறு வருஷம் தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு விற்கக்கூடாது. எங்கள் மெஷினும் புராஜெக்ட் வைவா முடிந்ததும் லேபில் பீரோ மேலே ஏறிவிட்டது. (மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.)

என் காசு? கடல் தூக்கிப் போட்ட ஒற்றைக் காசு புதையலா இல்லையா என்று நானும் நண்பனும் மண்டையை உடைத்துக்கொண்டோம். எதற்கு வம்பு, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்பது நிச்சயம். கிடைத்த இடம், ஆழம், தேதி, எடை ஒன்பது கிராமுக்குச் சற்று மேல், புளி போட்டது உள்பட எல்லாவற்றையும் எழுதி ஒரு மனு தயார் செய்தேன். எங்கள் குடும்பத்தில் கலெக்டருக்கு மனு எழுதிய முதல் ஆள் நான்தான். இதற்கு முன்னால் யாராவது எழுதித் தர, பெருவிரல் மட்டும்தான் எங்களுடையதாக இருந்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போனபோது அப்பா அரை நாள் லீவு போட்டுக் கூட வந்தார். அதுவும் இஸ்திரி போட்ட சட்டையோடு. க்யூவில் இரண்டு மணி நேரம். மனுவை வாங்கி, முத்திரை போட்டு, ரசீது கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் பேனாவைக் கேட்டார். ரசீதைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு கோடு போட்டார். “இது ஆறு. இது பனமரம். அப்போ மூணு இருந்துச்சி. இது கெணறு. இங்கதான்டா அந்த வரப்பு” என்று ஒரு புள்ளி வைத்தார். பஸ் ஆடியதில் கோடு கோணலாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு முழுப் பேப்பரில் திரும்பப் போட்டுக்கொண்டோம், ஆற்றிலிருந்து எத்தனை தப்படி என்பது உள்பட. செமஸ்டர் லீவில் இரண்டு பேரும் ஊருக்குப் போகிறோம். தோண்ட இல்லை. அந்தக் கிணறு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க.